பின் இருக்கையின் வாய்ப்பூட்டு

தரணிகுமாரின் கார் பூபதியின் கடைக்கு இரண்டாவது முறை வந்தபோது அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. மனைவி பேசுவது காதில் விழுகிறது என்றார் தரணிகுமார்.

"முழுசா இல்லீங்க பூபதி. ஒண்ணு ரெண்டு வார்த்த. வண்டி மேட்டுல ஏறும்போது கொசு கத்தற மாதிரி ஒரு சத்தம் வருது. அந்தச் சத்தத்துக்கு நடுவுல அவ குரலும் எட்டிப் பாக்குது."

"எத்தன நாளாங்க சார்?"

"ஒரு வாரமா. மொதல்ல எட்டு மாசம் அருமையா இருந்துச்சு. உங்க வேலைய கொற சொல்ல மாட்டேன்."

பூபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவை காந்திபுரத்தில், நூறடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடை வைத்திருந்தார். ஒயரில் கோளாறு என்றால் மற்ற கடைக்காரர்களே அவரிடம்தான் வண்டியை அனுப்புவார்கள். கதவுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எந்த ஒயர் எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவார்.

கார்கள் தாமே ஓடத் தொடங்கிய பிறகு ஸ்டீரியோ வியாபாரம் படுத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி ஆகவில்லை. ஓட்டுகிற வேலை போனதும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. கம்பெனி வைத்த பெயர் நீளமாக இருந்தது. ஜனங்கள் வாய்ப்பூட்டு என்றார்கள். முதலில் ஹாரன் சத்தத்தை அழிக்க வாங்கினார்கள், பிறகு கைக்குழந்தை அழுகையை அழிக்க. அதற்குப் பிறகு எதற்கு வாங்குகிறார்கள் என்று பூபதி கேட்பதில்லை.

சட்டப்படி, யாருடைய குரலை அழிக்கிறோமோ அவருடைய கையெழுத்து வேண்டும். தரணிகுமார் அப்படி ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். கீழே சுகந்தி என்று கையெழுத்து இருந்தது. மாதிரிக்காக நாற்பது வினாடிக் குரல் பதிவும் கொடுத்தார். ஏதோ கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்லும் பதிவு. காகிதத்தை யார் எழுதியது, யார் கையெழுத்து என்று பூபதி விசாரிக்கவில்லை. இதுவரை அறுபது வண்டிகளுக்கு மாட்டியிருந்தார். அறுபதிலும் விசாரித்ததில்லை.

"அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன்," என்றார் தரணிகுமார். "ஒருத்தர் குரல மட்டும் எப்பிடீங்க பிரிச்சு எடுக்குது?"

பூபதி உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினார். "சத்தம்ங்கறது காத்து முன்ன தள்ளறது, பின்ன இழுக்கறதுங்க. அவங்க குரல் முன்ன தள்ளுனா, உங்க தலைக்குப் பின்னாடி இருக்கற குட்டி ஸ்பீக்கர் அதே அளவு பின்ன இழுக்கும். ரெண்டும் சேந்தா ஒண்ணுமில்ல. மெஷின் அந்தக் குரல மட்டும் அடையாளம் வெச்சிருக்கும். அவங்களுக்கு அவங்க பேசறது எப்பவும் போலக் கேக்கும். உங்களுக்குத்தான் கேக்காது."

"நல்லா கண்டுபிடிச்சானுங்க," என்று தரணிகுமார் சிரித்தார். பம்ப் செட் கம்பெனி முதலாளி. சத்தம் போட்டுப் பேசாத மனிதர். கடை வாசலில் நின்றிருந்த மனைவியைக் கண்ணால் காட்டினார். "அவ வந்திருக்கா. பின்னாடி உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. ஸ்டீரியோ செக் பண்றோம், சும்மா பேசிட்டு வான்னு சொல்லீருக்கேன். வேற ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பூபதி முதலில் மீட்டரை எடுத்துப் பார்த்தார். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பின் இருக்கைக்கு அடியில் எர்த் ஒயரை இறுக்கியிருந்த போல்ட்டில்தான் தகராறு. அந்த இடத்தில் பெயின்ட்டைச் சரியாகச் சுரண்டாமல் ஒயரை வைத்திருந்தார்கள். வைத்தது அவரேதான். எட்டு மாதத்தில் ஈரம் ஏறி, எர்த் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் கிடந்தது. மோட்டார் வேகம் எடுக்கும்போதெல்லாம் அதன் சத்தம் ஸ்பீக்கருக்குள் புகுந்து கொசு மாதிரி கத்தியது. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் ஒயரை இறுக்கினார். பத்து நிமிட வேலை. ஆனால் ஓட்டிப் பார்க்காமல் அவர் எந்த வண்டியையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

சுகந்தி பின்னால் ஏறிக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயது. பூபதி முன் இருக்கையில் உட்கார்ந்து வாய்ப்பூட்டைப் போட்டுவிட்டு, அவிநாசி ரோட்டில் மேம்பாலம் வரை போய்த் திரும்பும்படி வண்டிக்குச் சொன்னார்.

பாலம் ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கொசுச் சத்தம் இல்லை. டயர் சத்தமும் குளிர்காற்றுச் சத்தமும் மட்டும். வேலை சுத்தம்.

அப்போதுதான் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். சுகந்தி பேசிக்கொண்டிருந்தார். முன்னால் சாய்ந்து, அவரைப் பார்த்துத்தான் பேசினார். உதடு வேகமாக அசைந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. பூபதிக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அறுபது வண்டிக்கு மாட்டியவர், பூட்டப்பட்ட ஆளோடு ஒரே வண்டியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சுவிட்சை அணைத்தால் கேட்டிருக்கலாம். விரல் அதன் மேல்தான் இருந்தது. அணைக்கவில்லை. புருஷனிடம் சொல்ல முடியாத துக்கத்தை ஒரு பெண் யாரிடமோ கொட்டுகிறாள், அதை ஒட்டுக்கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டது. சுகந்தி எதையோ கேட்டு நிறுத்தி, பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த முகத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது. பூபதி கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினார். காது கேட்காத இடத்தில் எல்லோரும் ஆட்டுவது போல.

சுகந்தியின் முகம் தெளிந்தது. சாய்ந்து உட்கார்ந்தார். கடை வாசலில் இறங்கும்போது பூபதியைப் பார்த்துக் கும்பிட்டார். தரணிகுமார் அங்கேயே நின்றிருந்ததால் ஒன்றும் பேசவில்லை.

"சரியாப் போச்சுங்களா?"

"எர்த் சரி பண்ணியாச்சுங்க சார். தலைமாட்டு ஸ்பீக்கர்ல ஒயர் சொருகற கப்ளர் ஒண்ணு லூசா இருக்குது. அதயும் பாத்துட்டுத் தந்தர்றேன். இருபது நிமிசம்."

கப்ளர் லூசாக இல்லை. அவர்கள் இருவரும் எதிர்க்கடையில் காபி குடிக்கப் போனதும், பூபதி தரணிகுமார் உட்காரும் முன் இருக்கையின் தலைமாட்டைக் கழற்றினார். உள்ளே இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒயர், பிளஸ்ஸும் மைனஸும். பிளஸ்ஸை மைனஸில் போட்டார், மைனஸை பிளஸ்ஸில் போட்டார். அவ்வளவுதான். இனி அந்தக் குரல் முன்னால் தள்ளும்போது ஸ்பீக்கரும் முன்னால் தள்ளும். அழிக்க வேண்டிய குரலை அது இரண்டு மடங்காக்கி தரணிகுமாரின் காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்த மனிதர் இரண்டு நாளில் கத்திக்கொண்டு வருவார். மெஷின் போய்விட்டது, இனி ரிப்பேர் ஆகாது, கழற்றிவிடலாம் என்று சொல்லிவிடலாம். அதற்குள் மனைவி சொல்வதில் நாலு வார்த்தையாவது அவர் காதில் விழுந்திருக்கும். இப்படித்தான் பூபதி கணக்குப் போட்டார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு அவருக்கு ருசியாக இருந்தது.

தரணிகுமார் இரண்டு நாளில் வரவில்லை. மூன்றாவது நாளும் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தனியாக வந்தார். கத்தவில்லை.

"எல்லாத்தயும் கழட்டீருங்க பூபதி. பெட்டி, மைக்கு, ஒயரு, எல்லாம். கம்பெனியில இருந்து வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடி ஆக்கீருங்க. எங்கயும் ஒரு ஓட்ட கூடத் தெரியக்கூடாது."

"ஏனுங்க சார், மெஷின்ல ஏதாச்சும்..."

"மெஷின்ல ஒண்ணுமில்ல. இனிமே தேவையில்ல. அவ பேசறத நானே கேட்டுக்கறேன்."

பூபதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று முழுவதும் வேறு வண்டியைத் தொடாமல் வேலை செய்தார். கூரைத் துணியில் மைக் இருந்த துளைகளை அடைத்தார். எர்த் போல்ட்டுக்குச் சுரண்டிய இடத்தில் திரும்பப் பெயின்ட் அடித்துக் காயவைத்தார். பழைய கிளிப்புகளையே தேடிப் போட்டார். கார் தயாரித்தவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

போகும்போது தரணிகுமார் கேட்டார். "அந்தக் கையெழுத்துக் காகிதம் உங்ககிட்ட இருக்குமே?"

"இருக்குதுங்க."

"குடுத்துருங்க. வண்டியில இல்லாத பொருளுக்கு எதுக்குக் காகிதம்?"

பூபதி எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பெண் வந்தார். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். பெயர் ஹசீனா, வக்கீல் என்றார்.

"தரணிகுமார்னு ஒருத்தரோட கார்ல நீங்க வாய்ப்பூட்டு மாட்டினீங்களா?"

பூபதிக்கு முதலில் தோன்றியது வாய்ப்பூட்டு மாட்டும் லைசென்ஸ்தான். "எனக்குத் தெரியாதுங்க. ஸ்டீரியோ வேல செஞ்சிருப்பேன். ஆயிரம் வண்டி வருது."

ஹசீனா வாதாடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தம்மா சுகந்தி இப்ப ஆனைகட்டி ரோட்டுல ஒரு ஓய்வில்லத்துல இருக்காங்க. பூட்டி வெச்சிருக்காங்க. மனநோயாளின்னு ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"ஏனுங்க?"

"தரணிகுமாரோட ஃபேக்டரியில போன வருஷம் சாருமதின்னு ஒரு பொண்ணு செத்துப்போச்சு. இருபத்திமூணு வயசு. பிரஸ் மெஷின்ல கை உள்ள இருந்தா மெஷின் இறங்கக்கூடாது. அதுக்கு ஒரு சென்சார் இருக்கும். அது வேலைய லேட் பண்ணுதுன்னு முதலாளி ஒயர வெட்டிவிடச் சொல்லீட்டாரு. ஒயர வெட்டுனது பிரகதீஷ்னு ஒரு மெக்கானிக். ஃபேக்டரி பதிவேட்டப் பாத்துக்கிட்டது சுகந்திம்மா, வெட்டச் சொன்னதயும் அதுல எழுதினாங்க. அப்பறம் முதலாளி ஆளுங்க அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டாங்க. அந்தம்மா அதுக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தாங்க. ஏழாந் தேதி கோர்ட்டுல சாட்சி சொல்ல ஒத்துக்கிட்டாங்க. அவங்க சொன்னா நானும் சொல்றேன்னு பிரகதீஷும் ஒத்துக்கிட்டான். அவன் பேரு எங்க மூணு பேரத் தவிர யாருக்கும் தெரியாது."

பூபதி கையில் இருந்த மீட்டரைக் கீழே வைத்தார்.

"சுகந்திம்மாவுக்கு ஒரே ஒரு பயம். புருஷன் எதிர்ல இருந்தா நாக்கு எழாது. இருபத்தாறு வருஷப் பழக்கம். கோர்ட்டுல அவரு எதிர்லதான உக்காந்திருப்பாரு? அவரு முன்னாடி சொல்லிப் பழகினாத்தான் அங்க சொல்ல வரும்னாங்க. எப்பிடிம்மா அவரு முன்னாடி பழகுவீங்கன்னு கேட்டேன். கார்லதான்னாங்க."

"அவங்களுக்கு..." என்றார் பூபதி. "மெஷின் இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"மாட்டின ரெண்டாவது மாசமே தெரியும். ஒருநாள் அவரு கதவத் தெறக்கும்போது பின்னாடி ஸ்கூட்டர் வர்றதப் பாத்துக் கத்தியிருக்காங்க. அவரு திரும்பல. ஸ்கூட்டர்காரன் விழுந்து கால் ஒடஞ்சுது. மறுநாள் வண்டிக்குள்ளயே சோதிச்சுப் பாத்தாங்களாம். உங்க காபியில வெஷம் வெச்சுட்டேன்னு சொன்னாங்களாம். அவரு பேப்பர் படிச்சுட்டே இருந்தாராம். அன்னிலருந்து அந்தப் பின் சீட்டுல உக்காந்து தெனமும் சாட்சி சொல்லிப் பழகினாங்க. ஐயா, என் பேரு சுகந்தின்னு ஆரம்பிச்சு, பிரகதீஷ் பேரு வரைக்கும். மொதல்ல திக்குச்சாம். அப்பறம் தண்ணி மாதிரி வந்துச்சாம். போன மாசம் திடீர்னு அவருக்குக் கேக்க ஆரம்பிச்சிருக்கு. அவரு ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் முன் சீட்டுல உக்காந்து முழுசாக் கேட்டிருக்காரு."

இன்ஷூரன்ஸுக்காக எல்லா வண்டியிலும் உள்ளே ஒரு கேமரா இருக்கும். அது தனி மைக்கில் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். வாய்ப்பூட்டு மனிதர் காதில்தான் குரலை அழிக்கும், கேமராவின் காதில் அழிக்காது. தரணிகுமார் எட்டு மாதப் பதிவை எடுத்து டாக்டர்களிடம் கொடுத்திருந்தார். ஒரு பெண் பின் இருக்கையில் தினமும் பேசுகிறாள். முன்னால் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஆனாலும் விடாமல் பேசுகிறாள். இல்லாத நீதிபதியை ஐயா என்று கூப்பிடுகிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் அதைப் பார்த்து அழுதுவிட்டு, ஓய்வில்லத்தில் சேர்ப்பதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டாள்.

"டாக்டர்கிட்ட அந்தம்மா உண்மையச் சொன்னாங்க," என்றார் ஹசீனா. "வண்டியில ஒரு மெஷின் இருக்கு, அது என் குரல மட்டும் அழிக்குதுன்னு. டாக்டர் அதத்தான் மொத வரியில எழுதியிருக்காரு, முக்கியமான அறிகுறின்னு. வண்டிய சோதிச்சாங்க. மெஷின் இருந்த தடயமே இல்ல."

ஹசீனா போனை எடுத்தார்.

"பதிவு முழுசும் நான் கேட்டேன். அதுல ஒரு நாள் முன் சீட்டுல தரணிகுமார் இல்ல. வேற ஒருத்தர் இருக்காரு. சட்டையில இந்தக் கட பேரு இருந்துச்சு. அதான் தேடி வந்தேன்." போனை மேசையில் வைத்து ஓடவிட்டார்.

திரையில் பூபதியின் தோளும் அதற்குப் பின்னால் சுகந்தியும் தெரிந்தார்கள். மேம்பாலத்தின் கைப்பிடிச்சுவர் ஜன்னலில் ஓடியது. சுகந்தியின் குரல் மெல்லியதாக, அவசரமாக இருந்தது.

"அண்ணா, நீங்கதான் இத மாட்டுனவருன்னு தெரியும். இது என்ன பண்ணுதுன்னும் தெரியும். நான் சண்டைக்கு வரலீங்கண்ணா. செக் பண்றவருக்காச்சும் நான் பேசறது கேக்கும்னுதான் சொல்றேன். இதக் கழட்டீராதீங்க. எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஓடட்டும். அடுத்த மாசம் ஏழாந் தேதி வரைக்கும் போதும். அப்பறம் நீங்க என்ன வேணாப் பண்ணிக்குங்க. ஒரு பொண்ணு செத்துருக்குதுங்கண்ணா. கேக்குதுங்களா?"

திரையில் பூபதி தலையாட்டினார்.

"ரொம்ப நன்றிங்கண்ணா," என்றது அந்தக் குரல்.

ஹசீனா போனை எடுத்துக்கொண்டார். "நீங்க தலையாட்டினதால உங்களுக்குக் கேட்டுச்சுன்னு அவங்க நம்புனாங்க. கேட்டுச்சா?"

"இல்லீங்க."

"அப்ப மெஷின் இருந்துச்சு."

பூபதி வாசலைப் பார்த்தார். "கையெழுத்து இல்லாம மாட்டுனா லைசென்ஸ் போயிரும். ஜெயிலும் உண்டு. காகிதத்த நான் திருப்பிக் குடுத்துட்டேன்."

"தெரியும். ஏழாந் தேதி கோர்ட்டுல ஆள் இல்லன்னு இருபத்தெட்டுக்குத் தள்ளி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள வந்து சொன்னீங்கன்னா அவங்க வெளிய வரலாம்." தன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பூபதி பதினொரு நாள் போகவில்லை.

அதற்கு அவர் சொல்லிக்கொண்ட காரணங்கள் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. வீட்டுக் கடன் இருந்தது. மனைவிக்கு முட்டி ஆபரேஷன் வைத்திருந்தார்கள். வக்கீல் வேறு வழி கண்டுபிடிப்பார் என்றும் நினைத்தார். அந்தப் பதினொரு நாளும் ஓய்வில்லத்தில் காலையும் மாலையும் ஊசி போட்டார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஓர் இளம் தம்பதி வாய்ப்பூட்டு மாட்ட வந்தார்கள். யார் குரல் என்று பூபதி கேட்டார். கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கள் மகள் என்றார்கள். ஏழு வயது. திக்குவாயாம், ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உயிர் போகிறதாம். கையெழுத்து? அப்பா அம்மா நாங்கள் போட்டால் போதும்தானே என்றார்கள். போனில் மாதிரிக் குரலைப் போட்டுக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் தனக்குக் கிடைத்த ஒரு நட்சத்திர ஸ்டிக்கரைப் பற்றி அந்தக் குழந்தை சொல்ல முயன்றுகொண்டிருந்தது. நாற்பது வினாடியில் 'ஸ்டிக்கர்' என்ற சொல் முடியவில்லை.

பூபதி அவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார். கடைக் கம்ப்யூட்டரில் சுகந்தியின் கல்யாண மண்டபப் பதிவு இன்னும் இருந்தது, மாட்டிய தேதியோடு. அதை எடுத்துக்கொண்டு ஹசீனாவிடம் போனார்.

சுகந்தியை அடைத்ததை விசாரித்த மனநல வாரியத்தின் முன்னால் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாட்டியதை, மாற்றியதை, கழற்றியதை. பதிவைப் போட்டுக் காட்டினார். தலைவராக இருந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பிளஸ் மைனஸை மாத்திப் போட்டா கேக்கும்னு உங்களுக்குத் தெரியும். அத ஏன் அவங்ககிட்டச் சொல்லல?"

"நல்லது பண்றேன்னு நெனச்சனுங்க."

"அவங்களக் கேக்காமயா?"

நான்கு நாள் கழித்து சுகந்தியை விட்டுவிட்டார்கள். வாய்ப்பூட்டு மாட்டியதற்காகத் தரணிகுமாருக்கு முதல் குற்றம் என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். பூபதியின் லைசென்ஸை ரத்து செய்து, கடைக்குச் சீல் வைத்து, வழக்குப் போட்டார்கள்.

இருபத்தெட்டாம் தேதி கோர்ட்டுக்கு பூபதி போனார். யாரும் கூப்பிடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுகந்தி கூண்டில் ஏறினார். ஊசியினால் நாக்கு தடித்திருந்தது. ஐயா, என் பேரு சுகந்தி என்று தொடங்கினார். ஒவ்வொரு வார்த்தையும் உருண்டு வெளியே வந்தது. தண்ணீர் மாதிரி வந்த சாட்சியம் இப்போது நடுநடுவே நின்றது. எச்சிலைத் துடைத்துக்கொள்ள முந்தானையை எடுத்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. எதிரில் தரணிகுமார் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தபடியே, வெட்டச் சொன்ன தேதி, கிழித்த பக்கத்தின் எண், சாருமதி அன்று ஷிஃப்டுக்கு வந்த நேரம் எல்லாவற்றையும் சொன்னார். காப்பியைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இப்ப நீங்க என்ன மருந்து சாப்பிடறீங்க?"

அவர் மருந்துகளின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்களைச் சொல்லும்போதும் நாக்கு புரண்டது. வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்து பிரகதீஷைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி கலையாத புதுச் சட்டையில் வந்தான். தான் எந்த ஒயரையும் வெட்டவில்லை என்றான். சென்சார் எப்போதும் வேலை செய்தது என்றான். சுகந்தியம்மாவோடு தான் பேசியதே இல்லை, முதலாளியம்மா பாவம், கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரி என்றான். சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. தரணிகுமார் அவனை மூன்று வாரத்துக்கு முன் வீட்டில் போய்ப் பார்த்திருந்தார் என்று ஹசீனா பிறகு சொன்னார். என்ன பேசினார் என்று தெரியவில்லை. அவனுடைய தங்கையும் அதே ஃபேக்டரியில், அதே பிரஸ் வரிசையில்தான் வேலை பார்க்கிறாள்.

சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் சாட்சியம், அதை உறுதிசெய்ய வேறு யாரும் இல்லை, காப்பி அசல் அல்ல என்றார் நீதிபதி. வழக்கு தள்ளுபடி ஆனது. சாருமதியின் அம்மாவுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. மறு தேதி எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுகந்தி நின்றிருந்தார். ஹசீனா தீர்ப்பின் நகல் வாங்க உள்ளே போயிருந்தார். தரணிகுமார் போனில் யாரிடமோ மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே அவரைக் கடந்து போனார். பார்க்கவும் இல்லை, பார்க்காதது போல ஒதுங்கவும் இல்லை.

பூபதி பக்கத்தில் போய் நின்றார். கும்பிட்டார்.

"நீங்கதான ஸ்டீரியோக்காரரு?" என்றார் சுகந்தி.

"ஆமாங்கம்மா. அன்னிக்கு எனக்குக் கேக்கலீங்க. சத்தியமாக் கேக்கல."

"வக்கீலம்மா சொன்னாங்க." அவருடைய பேச்சு மெதுவாக வந்தது. "எத மாத்துனீங்க?"

"ரெண்டு ஒயருங்க. பிளஸ்ஸும் மைனஸும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. சார் உங்க பேச்சக் கேட்டா மனசு மாறுவாருன்னு நெனச்சேன். அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க. அந்த ஒரு வாரம் அவருக்கு எல்லாம் கேக்குதுன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம் கூடவா வரல? ஒரு தடவையாச்சும் அவரு அசைஞ்சிருப்பாரே. தலையத் திருப்பியிருப்பாரே."

சுகந்தி யோசித்தார். அந்த ஏழு நாட்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்லீங்கண்ணா," என்றார். "கேக்காத எட்டு மாசம் எப்பிடி உக்காந்திருந்தாரோ, கேட்ட ஒரு வாரமும் அப்பிடியேதான் உக்காந்திருந்தாரு. எனக்கு வித்தியாசம் தெரியலீங்க."

உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டார். ஹசீனா படியிறங்கி வருவது தெரிந்தது. சாருமதியின் அம்மா அவர் பின்னாலேயே, இன்னும் மறு தேதியைக் கேட்டுக்கொண்டு வந்தார். சுகந்தி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று பூபதியிடம் கேட்டார். பூபதி கையைக் காட்டினார்.